டிரில் மாஸ்டர் வீட்டுச் சுரைக்காய்

முகத்துக்கு நேரே 'மாஸ்டர்', முதுகைத் திருப்பினால் 'விசில்'. இந்த இரண்டு பெயரோடு ஒரு வேலைக்காலம் முழுவதையும் ஓட்டி முடித்தவர் அவர். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். பிள்ளைகளைக் காலை வெயிலில் வரிசையாக நிறுத்துவது, கையை நீட்டி முன்னால் நிற்பவனின் தோளைத் தொட்டும் தொடாமலும் இடைவெளி விடச் சொல்வது, கோணலாக நின்றவனின் காதைத் திருகுவது, இதுதான் உத்தியோகம். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் விசில் ஊதினால் மைதானத்தின் ஓரத்தில் மேய்கிற ஆடுகூட வாயில் இருக்கிற புல்லோடு அப்படியே நின்றுவிடும் என்று மற்ற ஆசிரியர்கள் கேலி பேசுவார்கள். அதையும் முதுகுக்குப் பின்னால்தான் பேசுவார்கள்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை எழுந்து, பழக்க தோஷத்தில் வெள்ளைக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு வாசலில் வந்து நின்றார். பால்காரர் போனார். எதிர்வீட்டுத் தையல்காரர் கடை திறக்கப் போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தரும் சல்யூட் வைக்கவில்லை. சிறிது நேரம் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார். அடுப்படியில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அன்றையிலிருந்து பள்ளிக்கூடம் முழுவதும் அவள் ஒருத்திதான் என்றாகிவிட்டது.

பாவம், அவளும் எத்தனை வேளை அட்டென்ஷனில் நிற்பாள்? அவளாகப் பார்த்துத்தான், "ஏங்க, பின்னாடி இடம் சும்மா கெடக்கு. நாலு செடி வெச்சா என்ன?" என்று ஒரு நாள் கேட்டாள். தப்பிக்க வழி தேடிக் கேட்ட கேள்வி. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது என்பது இதுதான்.

வீட்டின் பின்னால் இருந்தது தோட்டமில்லை. வீடு கட்டிய காலத்தில் மிச்சமான செங்கல் துண்டு, காரை, உடைந்த ஓடு எல்லாம் கொட்டிக் கிடந்த மேடு. மனிதர் அசரவில்லை, சும்மா சொல்லக் கூடாது. கடப்பாரை பிடித்துக் கை கொப்புளித்தாலும் விடாமல் கொத்தினார், கல்லைப் பொறுக்கினார், எரு வாங்கிக் கொட்டினார். பாத்தி கட்டி முடிந்ததும்தான் புத்தி பள்ளிக்கூடத்துக்குப் போனது. விளையாட்டு விழாவுக்கு ஓட்டப் பாதை போடுகிற மாதிரி, சுண்ணாம்புத் தூளால் பாத்தி முழுக்க வெள்ளைக் கோடு இழுத்தார். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு நாற்று. வெயிலிலும் மழையிலும் கோடு அழிந்தால் மறுபடி கோடு. அள்ளி அள்ளிப் போட்ட சுண்ணாம்பில் கத்திரிச் செடிகளுக்கு மஞ்சள் காமாலை வந்த மாதிரி இலையெல்லாம் வெளுத்தது. உலகத்தில் எத்தனையோ பேர் தோட்டம் போட்டுத் தோற்றிருக்கிறார்கள். மார்ச் பாஸ்ட் நடத்தித் தோற்றவர் இவர் ஒருத்தர்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் நாற்று விற்றவன் திருடன் என்றார்.

அத்தோடு நின்றாரா? வளர்ச்சியில் பின்தங்கிய செடிகளை விடியற்காலையில் மற்ற செடிகளின் எதிரிலேயே வேரோடு பிடுங்கி மதில் ஓரம் வீசுவார். "மக்குப் பசங்களால மத்தவனும் கெடுவான்" என்பார். தக்காளி இலை சுருண்டது. வெண்டையில் மாவுப்பூச்சி அப்பியது. இலையைத் திருப்பிப் பார்த்துப் புழு பொறுக்குவது மனைவியின் வேலை. தண்ணீர் ஊற்றுவதும் அவள் வேலை. குழாய் வீட்டின் முன்பக்கம், தோட்டம் பின்பக்கம். ரப்பர் டியூப் வாங்கலாமே என்றதற்கு, "டியூப் வெச்சா ஆளும் சோம்பேறி, செடியும் சோம்பேறி" என்று சொல்லிவிட்டார். அவள் வாளி வாளியாகச் சுமந்தாள். ஒரு வாளிக்கு ஒரு முறை முழங்கால் முணுமுணுத்தது. சில வருஷத்தில் அது அலற ஆரம்பித்தது.

அதற்காக எல்லாமே தோல்வி என்று சொல்லிவிடக் கூடாது. சுண்ணாம்பை நிறுத்திய பிறகு மண் தேறியது. வெண்டைக்காய் பிஞ்சு பிஞ்சாகக் காய்த்தது. கீரை விதைத்த இடத்தில் கால் வைக்க இடமில்லாமல் எழும்பியது. ஒரு பருவம் கத்திரிக்காய் கிளையை ஒடிக்கிற அளவுக்குத் தொங்கியதை, தெருவே வந்து மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தது. அன்றைக்கு அவர் முகத்தில் தெரிந்த சிரிப்பை மனைவி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான்; படுத்தார், எழுந்தார். ஆனால் போகிற போக்கில் அது நாக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எதுவும் இல்லை. ஈரத் துணியை மென்று விழுங்குகிற மாதிரி சாப்பாடு உள்ளே போனது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. டிரில் மாஸ்டருக்கு உடம்பில் ஒரு பாகம் வேலை செய்யவில்லை என்றால் அது வெளியே தெரியலாமா? ஆனால் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் அவள் கறியில் உப்புப் போடவே மறந்துபோனாள். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு உப்பு சரியா இருக்கு" என்றார். அவருடைய மானம் போகக் கூடாது என்று அந்த ரகசியத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அவளை அப்படி நடத்தியவருக்கு அவள் செய்த மரியாதை அது.

தன் கையால் விளைந்த காயின் ருசி தனக்கே தெரியாது என்றால் மனிதன் என்ன செய்வான்? அடுத்தவன் வாயைப் பார்ப்பான். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. மனைவியை முதலில் உட்கார வைப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, அவள் முதல் வாய் வைக்கிற வரை முகத்தையே பார்ப்பார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"உண்மையாவா?"

"உண்மையா நல்லா இருக்குங்க."

"பயந்துக்கிட்டுச் சொல்ற" என்பார், தானே பயமுறுத்திவிட்டு.

தெருவையும் விட்டு வைக்கவில்லை. காலையில் வீடு வீடாகக் காய் கொடுப்பார். மறுநாள் காலையில் கதவைத் தட்டி எப்படி இருந்தது என்று விசாரிப்பார். தெரியாத்தனமாக ஒருத்தர் கொஞ்சம் முற்றல் என்று சொல்லி, வாசலில் நிறுத்தி வைத்து அரை மணி நேரம் பாடம் கேட்டதிலிருந்து தெரு உஷாராகிவிட்டது. எல்லோரும், "தேன் மாதிரி இருந்துச்சு மாஸ்டர்" என்ற ஒரே வரியை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். உண்மை என்னவென்றால், ஒரு வீட்டிலும் அந்தக் காய் அடுப்பு ஏறவில்லை. விசாரணைக்குப் பதில் சொல்லிச் சொல்லி அந்தக் காய்களைக் கண்டாலே அவர்களுக்கு அலுத்துப்போயிற்று. தையல்காரர் வெட்டுத் துணிக் குப்பையோடு சேர்த்துக் கட்டி அடுத்த தெருத் தொட்டியில் போட்டுவிடுவார். சொந்தத் தெருத் தொட்டியில் போட்டால் மாஸ்டர் கண்ணில் பட்டுவிடுமே.

அவருக்கும் இது உள்ளூரத் தெரியும். பொய்ச் சல்யூட் எது, நிஜச் சல்யூட் எது என்று முப்பது வருஷம் மைதானத்தில் நின்றவருக்குத் தெரியாதா? பயப்படாத வாயிலிருந்து ஒரே ஒரு 'நல்லா இருக்கு' கேட்க வேண்டும் என்று அவர் மனம் தவித்தது. அப்படி ஒரு வாய்தான் அவருக்குத் தெரிந்து இந்த உலகத்தில் இருந்தது. அது அவருடைய மகளின் வாய்.

மகள் வேறு ஊரில் பஸ் கண்டக்டர். சின்ன வயசிலிருந்தே மனதில் ஒன்று வாயில் ஒன்று வைத்துக்கொள்ளத் தெரியாதவள். பள்ளிக்கூட ஆண்டு விழா அணிவகுப்பைத் தலைமையாசிரியர் முதல் வாட்ச்மேன் வரை புகழ்ந்த அன்று, "இடது பக்க வரிசை கோணலா இருந்துச்சுப்பா" என்று சொன்னவள். அதற்காக அவளோடு எத்தனையோ நாள் பேசாமல் இருந்தார். ஆனால் அடுத்த வருஷம் இடது பக்க வரிசையைத்தான் முதலில் சரி செய்தார். ஊரே சொன்னதை அவர் மறந்துவிட்டார், அவள் சொன்னதை மறக்கவில்லை.

அம்மாவின் முழங்காலைப் பார்த்து அந்த மகள்தான் துடித்தாள். தன் ஊரில் நல்ல எலும்பு டாக்டர் இருக்கிறார், ஆபரேஷன் செய்து கொஞ்ச காலம் தன்னோடு வைத்துக்கொண்டால் அம்மா எழுந்து நடப்பாள் என்று அப்பாவிடம் கேட்டாள். "மூட்டு வலிக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? நாலு சுத்து ஓடினா சரியாப் போயிடும்" என்றார் அப்பா. அம்மா ஓடவில்லை. முக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வாளி சுமந்தாள். மாத்திரை முழங்காலை ஏமாற்றியது, வயிற்றை அரித்தது.

போன வருஷம் மகள் நேரில் வந்து நின்றாள். சாப்பாட்டில் அவருடைய தக்காளி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்றார்.

"தண்ணியா இருக்குப்பா. ருசியே இல்ல."

அவ்வளவுதான். "என் காயை வாயில வெக்க முடியாதவ கூட என் வீட்டு ஆள் ஏன் போகணும்?" என்று கத்தி, மகள் கட்டி வைத்திருந்த அம்மாவின் பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். அன்று மாலை மகள் தனியாகப் பஸ் ஏறினாள். பஸ்ஸில் எத்தனையோ பேரை அதட்டி இறக்கிவிட்டவளுக்கு, தன் அம்மாவை அந்த வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போக முடியவில்லை.

இந்த வருஷம் சுரை. சுரையில்தான் அவருக்கு ரொம்பப் பெருமை, ஏனென்றால் அது கடை விதை இல்லை. முந்தின பருவம் தன் கொடியில் காய்த்ததில் ஒன்றை முற்றவிட்டு, குடுவை மாதிரி காய வைத்து, உடைத்து எடுத்த சொந்த விதை. அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. மதிலுக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத மனையில், பேய்ச்சுரை ஒன்று தானாக முளைத்துப் படர்ந்து கிடந்தது. காட்டுக்கொடி, ஆடு மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும், அவ்வளவு கசப்பு. பூச்சிக்கு மதில் ஏது? அந்தப் பூவில் உட்கார்ந்தது இந்தப் பூவிலும் உட்கார்ந்தது. போன பருவம் தின்ற காயில் ஒரு குற்றமும் தெரியவில்லை. குற்றமெல்லாம் விதைக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது. விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா என்பார்கள். இங்கே முளைத்தது.

கொடி பந்தலைத் தூக்கிக்கொண்டு ஏறியது. இலை ஒவ்வொன்றும் முறம் அளவு. வழவழவென்று பச்சைக் காய்கள் தொங்கின. தோட்டம் போட்ட காலத்திலிருந்து இப்படி ஒன்று விளைந்ததில்லை. முதல் காயை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, தன் கௌரவத்தையெல்லாம் மடித்து வைத்துவிட்டு, மகளுக்குத் தானே போன் செய்தார்.

"வந்து சுரைக்காய் சாப்பிட்டுப் பாரு. சாப்பிட்டுட்டு உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போறதப் பத்திப் பேசலாம்."

அவர் குளிக்கப் போன நேரத்தில் அம்மா போனை எடுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"இந்தத் தடவ எது போட்டாலும் நல்லா இருக்குன்னு சொல்லிடுடி. கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிடு. என்னால இனிமே வாளி தூக்க முடியாது."

"சொல்றேம்மா" என்றாள் மகள். அவள் ஒப்புக்கொண்ட முதல் பொய் அதுதான்.

மகள் வந்த அன்று காலை, மாஸ்டர் ஏணி வைத்து ஏறி இரண்டு காய்களை அறுத்தார். ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவைக் கடந்து தையல்காரரிடம் கொடுத்தார். இன்னொன்றை அடுப்படியில் வைத்துவிட்டு, நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டார். சுரை, வெள்ளரி மாதிரிக் காய்களை நறுக்கும்போது ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பது எந்தப் பெண்ணுக்கும் கையோடு வந்த பழக்கம். இவளுக்கும் இருந்தது. தோட்டம் போட்ட புதிதில் ஒரு வெள்ளரிப் பிஞ்சை அப்படிக் கிள்ளி வாயில் வைத்ததை அவர் பார்த்துவிட்டார். "என் காய்க்கு நீ பரீட்சை வெக்கிறியா?" என்று கேட்டு, அறுத்த வெள்ளரி அத்தனையையும் சாக்கடையில் கொட்டி, அவளை வெயிலில் பாத்திக்கு நடுவே நிற்க வைத்தார். அதிலிருந்து அந்த வீட்டு அடுப்படியில் யாரும் எதையும் ருசி பார்ப்பதில்லை. இன்றைக்கு அவர் பார்த்துக்கொண்டே வேறு நின்றார். அவள் நறுக்கினாள், தாளித்தாள், இறக்கினாள்.

அம்மாவின் பை இந்தத் தடவை கூடத்துக் கதவோரம் தயாராக இருந்தது. நாலு புடவை, ஒரு சால்வை, மாத்திரை டப்பா. மாலை பஸ்ஸுக்கு மகள் இரண்டு சீட் பிடித்து வைத்திருந்தாள்.

அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மகள் ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்தாள்.

வேப்பங்காய், பாகற்காய் எல்லாம் அந்தக் கசப்பிடம் பிச்சை வாங்க வேண்டும். நாக்கு சுருண்டு தொண்டைக்குள் ஓடப் பார்த்தது. கண்ணில் நீர் முட்டியது. எதிரே பார்த்தாள். அம்மாவும் முதல் வாயை வைத்துவிட்டாள். அம்மாவின் தாடை ஒரு நொடி நின்றது, பிறகு மெதுவாக அசைந்தது. கண் மட்டும் மகளிடம் கெஞ்சியது. மகள் கதவோரத்துப் பையைப் பார்த்தாள். விழுங்கினாள்.

"நல்லா இருக்குப்பா."

"சும்மா சொல்றியா?"

"நான் என்னைக்குப்பா சும்மா சொல்லிருக்கேன்?"

அந்தக் கேள்வியில் மனிதர் விழுந்துவிட்டார். உண்மைதானே, என்றைக்குச் சொல்லியிருக்கிறாள்? பின்னால் கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. மூக்கை உறிஞ்சினார். கூடத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இரண்டு தடவை நடந்தார். "கேட்டியாடி? கேட்டியா?" என்று மனைவியிடம் சொன்னார். "கூட்டிட்டுப் போம்மா. உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போய் எவ்வளவு நாள் வேணுமோ வெச்சுக்க. தண்ணி நானே ஊத்திக்கிறேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாருக்கும் கிடைக்காத விடுதலை ஒரு வாய்ச் சுரைக்காயில் கிடைத்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். சந்தோஷம் வந்தாலும் அதை அடுத்தவன் தலையில் கட்டாமல் விடமாட்டார். தானே கரண்டியைப் பிடித்துக்கொண்டு மகளின் தட்டில் அள்ளி வைக்க வந்தார். அம்மா சட்டென்று தன் தட்டை நீட்டினாள்.

"அவ பஸ்ல போகணும், வயிறு தாங்காது. எனக்குப் போடுங்க."

"அதுவும் சரிதான். ஊருக்குப் போற உனக்கு நம்ம காய் இனிமே எப்பக் கிடைக்கப் போகுது?" என்று கொட்டினார். மகள் தட்டில் மிச்சமிருந்ததையும், "உனக்குச் சோறு ஆறிடுச்சு" என்று ஏதோ சொல்லி அம்மா தன் பக்கம் தள்ளிக்கொண்டாள். மகள், "அம்மா, போதும்மா" என்றாள். அம்மா நிமிரவில்லை. வீட்டைப் பெருக்குகிற மாதிரி, முழங்கால் வலியைப் பொறுத்துக்கொள்கிற மாதிரி, அவள் பழகின வேலையாக ஒவ்வொரு கவளமாகச் செய்து முடித்தாள். தட்டில் மிச்சம் வைத்தால் அவருக்குச் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் பை பரணுக்குப் போகும். அவருடைய கணக்கு முழுவதும் அவளுக்குத்தான் அத்துப்படி ஆயிற்றே. கடைசியில் அவரும் நின்றபடியே ஒரு பிடி சாப்பிட்டார். ஈரத் துணிதான். ஆனால் அன்று அது அவருக்கு உலகத்திலேயே ருசியான ஈரத் துணி.

பஸ்ஸுக்குப் புடவை மாற்றப் போன அம்மா, கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முதலில் வாந்தி, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு புழக்கடைக்கும் அறைக்குமாக நடை. மகளுக்கும் வயிறு புரட்டி எடுத்தது. அவருக்கும் ஒரு குமட்டல் வந்தது, தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டார். "பயணம்னாலே இவளுக்கு வயித்தக் கலக்கும். சோடா குடிச்சா சரியாயிடும்" என்று சொல்லி, சட்டை மாட்டிக்கொண்டு நிதானமாகச் சோடா வாங்கப் போனார். போன இடத்தில் கடைக்காரரிடம், "என் பொண்ணு சாப்பிட்டுட்டு நல்லா இருக்குன்னுட்டா" என்று வேறு நின்று சொன்னார். திரும்பி வந்தபோது மனைவி வாந்தி எடுத்த பாத்திரத்தில் ரத்தம் இருந்தது. மகள் வாசலில் நின்று ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்தான் இருந்தது. அதில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கையிலும் ஊசி குத்திக் குழாய் போட்டிருந்தார்கள். அவரை நர்ஸ் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டாள். அம்மாவின் உதடு வெளுத்திருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். அம்மா மகளின் முந்தானையை இழுத்தாள்.

"கசந்துச்சுன்னு அப்பாகிட்ட சொல்லிடாத."

"பேசாம இரும்மா."

"சொல்லிட்டா அனுப்ப மாட்டாரு. காலைல பஸ் இருக்கில்ல? அதுல போயிடலாம்."

காலையில் பஸ் இருந்தது. அம்மா இல்லை. வாளி சுமப்பதற்காக மாத்திரை தின்றே புண்ணாகியிருந்த அந்த வயிறு அந்த விஷத்தை எதிர்த்து நிற்கவில்லை.

டாக்டர் சின்ன வயசுக்காரர், கோபக்காரர். வராந்தாவில் வைத்தே அவரைப் பிடித்துக்கொண்டார். "கசக்கிற சுரைக்காய் விஷம்ங்க. ஒரு வாய் வெச்சதுமே தெரிஞ்சிருக்குமே? தட்டு நெறய எப்படிச் சாப்பிட்டாங்க? உங்க பொண்ணு வாயில வெக்க முடியாத கசப்புன்னு சொல்றாங்க. நீங்களும் தான சாப்பிட்டீங்க? உங்களுக்குக் கசக்கலையா?"

எனக்கு நாக்கு இல்லை என்று மாஸ்டர் எப்படிச் சொல்வார்? மென்று விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். கோணலாக நின்றார். யாரும் காதைத் திருகவில்லை.

காரியமெல்லாம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். அவர் எதிர்வீட்டுக்குப் போய்த் தையல்காரரின் மிஷின் பக்கத்தில் நின்றார். "உனக்கும் ஒரு காய் குடுத்தேனே" என்று ஆரம்பித்தார். "கசந்துச்சா? உள்ளதைச் சொல்லு."

தையல்காரர் பெடலை நிறுத்தினார். அந்தக் காய் அன்றைக்கே அடுத்த தெருத் தொட்டிக்குப் போய்விட்டது. ஆனால் பல வருஷப் பழக்கம், அதுவும் துக்க வீட்டு மனிதர். வாய் தானாகச் சொன்னது.

"தேன் மாதிரி இருந்துச்சு மாஸ்டர்."

அன்று மாலை மகள் ஊருக்குக் கிளம்பினாள். அம்மாவின் பையை அப்படியே எடுத்துக்கொண்டாள், மாத்திரை டப்பாவை மட்டும் வெளியே வைத்தாள். அவர் பஸ் நிற்கிற இடம் வரை அவளுக்குப் பின்னாலேயே நடந்து வந்தார். பஸ் வருவது தெரிந்ததும் அவள் முன்னால் வந்து நின்றார். கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் முன்னால் தொங்கின.

"டாக்டர் எல்லாம் சொன்னாரு. எனக்குத் தெரியும். ஆனா நீ ஒரு தடவ சொல்லிடு. கசந்துச்சுப்பா, நீதான் கொன்னேன்னு சொல்லு. திட்டு. நாலு பேர் முன்னாடி செருப்பால அடி. நீ உண்மைய சொல்ற பொண்ணு தானம்மா?"

அவள் அவரைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்து அவளுக்கு ஒரு கணம் இரக்கம்கூட வந்தது. திட்டினால் அழுவார், அழுதால் கொஞ்சம் ஆறும், ஆறினால் இரவு தூங்குவார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் முந்தானையைப் பிடித்து இழுத்த கையை நினைத்துக்கொண்டாள்.

"நல்லா இருந்துச்சுப்பா" என்றாள்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதம்மா."

"ரொம்ப நல்லா இருந்துச்சு. அம்மாவும் அதான சொன்னா? தட்டு நெறய வாங்கிச் சாப்பிட்டாளே."

பஸ் வந்து நின்றது. அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் பையை வைத்தாள். அவர் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவ" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் நகர்ந்தது, அவர் கையை எடுக்க வேண்டியதாயிற்று.